பிக்-அப் இல்லாத பழைய காரும் பழவேற்காட்டு முகத்துவாரமும்!

விடுமுறை நாள் காலையில் பழவேற்காடு போகும் சாலையோரம் நின்று பார்த்தால், எல்லா வயதுக் கார்களும் கண்ணில்படும். ஷோரூம் வாசனை போகாத புது எஸ்.யூ.வி-யும் வரும், பின்கண்ணாடியில் சாமி ஸ்டிக்கர் வெளுத்துப்போன மாருதி 800-ம் வரும். இரண்டும் போவது ஒரே ஏரிக்குத்தான்.

அப்படியொரு பழைய மாருதி 800-ஐப் பின்தொடர்வோம். இந்தக் காரும் இதில் வரும் குடும்பமும் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. ஆனால், காருக்கு வந்த கோளாறு பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறோம். என்ஜின் ஒரு நொடி யோசிக்கிறது. ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு, மனசில்லாமல் இழுக்கிறது.

காரனோடையில் ஒரு நொடி

பெரம்பூரில் இருந்து கிளம்பியிருக்கிறார்கள். ஓட்டுவது ஓய்வுபெற்ற தாத்தா. பக்கத்தில் மகள். பின் இருக்கையில் ஏழாவது படிக்கும் பேத்தி. கார் 1996-ல் வாங்கியது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் மாடல். 1983-ல் அறிமுகமாகி, 2014-ல் உற்பத்தி நின்ற மாருதி 800-ஐ இன்றும் விடாமல் வைத்திருப்பவர்களில் இவரும் ஒருவர்.

செங்குன்றம் தாண்டி, சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் வண்டி சீராகத்தான் வந்தது. காரனோடைப் பக்கம் வந்தபோது முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போய்வரும் லாரிகளுக்கு இந்தப் பகுதியில் பஞ்சமில்லை. தாத்தா இண்டிகேட்டர் போட்டார். வலது பக்கம் ஏறினார். மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தார். கார் இழுக்கவில்லை. லாரியின் பக்கவாட்டில், பாதி தூரத்தில் அப்படியே திணறி நின்றதுபோல் ஆனது. பின்னால் வந்த பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. எப்படியோ வேகத்தைக் குறைத்து, திரும்ப லாரிக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார்.

காருக்குள் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

``அப்பா, இதைக் கொடுத்துடலாம்னு எத்தனை தடவை சொல்லிட்டேன்?'' என்றாள் மகள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. சொந்த உபயோகக் காருக்கு 15 ஆண்டுகள் முடிந்ததும், அதன் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு மத்திய அரசு 2025 ஆகஸ்டில் அந்தக் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியது. இந்தக் காருக்குப் புதுப்பிக்கும் ஆண்டு இதுதான். பத்தாயிரம் கட்டி வைத்துக்கொள்வதா, பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதா? வீட்டில் ஆறு மாதமாக ஓடும் பேச்சு, காரனோடையில் ஒரு நொடியில் முடிவுக்கு வந்துவிடும்போல் இருந்தது.

முதல் கேள்வி... எப்போது திணறுகிறது?

தச்சூர் கூட்டுச்சாலையில் வலது பக்கம் திரும்பினால் பொன்னேரி. ஊருக்குள் நுழைந்ததும் சாலையோரத்தில் ஒரு மெக்கானிக் ஷெட். தாத்தா வண்டியை ஓரம் கட்டினார்.

மெக்கானிக்குக் கையில் ஸ்பேனர் இல்லை. முதலில் கேள்விகள்தான் வந்தன.

``ஐயா, காலைல ஸ்டார்ட் பண்ணின உடனே திணறுதா, சூடான பிறகு திணறுதா?''

``சூடான பிறகும்தான் தம்பி.''

``ஒரே வேகத்துல போறப்போ மிஸ்ஸிங் இருக்கா?''

``இல்ல. அறுபதுல வந்தா அறுபதுலயே வரும். திடீர்னு மிதிச்சாதான் யோசிக்குது.''

``மெதுவா மிதிச்சா?''

தாத்தா கொஞ்சம் யோசித்தார். ``மெதுவா மிதிச்சா ஏறிடுது.''

பாதி வேலை இங்கேயே முடிந்துவிட்டது. `பிக்-அப் இல்லை' என்று நாம் சொல்வது ஒரே வார்த்தை. ஆனால் அது எப்போது வருகிறது என்பதில்தான் காரணம் ஒளிந்திருக்கிறது.

காலையில் மட்டும் திணறி, சூடானதும் சரியானால் சோக் அல்லது அது சார்ந்த கோளாறாக இருக்கலாம். ஒரே வேகத்தில் நீண்ட தூரம் போகும்போதோ, மேடு ஏறும்போதோ மூச்சு வாங்கினால், என்ஜினுக்குத் தேவையான அளவு பெட்ரோல் வந்து சேரவில்லை என்று சந்தேகப்படலாம். மழை நாளில் மட்டும் என்றால் ஸ்பார்க் பிளக் ஒயர்களைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் போட்ட பிறகு ஆரம்பித்திருந்தால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். திடீரென மிதிக்கும்போது மட்டும் என்றால்... அதற்குத் தனிக் காரணம் இருக்கிறது.

மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பு இந்தக் கேள்விகளுக்கு நீங்களே பதில் எழுதிக்கொண்டு போங்கள். செலவு பாதியாகக் குறையாவிட்டாலும், தேவையில்லாத பாகத்தை மாற்றும் செலவாவது மிஞ்சும்.

காற்று, பெட்ரோல், நெருப்பு

பெட்ரோல் என்ஜினுக்கு வேண்டியவை மூன்று. காற்று, பெட்ரோல், சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி. இந்த மூன்றையும், செலவு குறைந்ததில் இருந்து தொடங்கி வரிசையாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் பழைய மெக்கானிக்குகளின் பாடம்.

முதலில் காற்று. ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார் மெக்கானிக். மறுபக்கம் வெளிச்சம் தெரியாத அளவுக்குத் தூசி அடைத்திருந்தால் என்ஜின் மூச்சுத் திணறும். இந்த ஃபில்டர் பரவாயில்லை ரகம். அடுத்து, என்ஜினைச் சுற்றி ஓடும் மெல்லிய ரப்பர் குழாய்களை விரலால் வளைத்துப் பார்த்தார். ஒரு குழாய், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போவது, முனையில் விரிசல் விட்டிருந்தது. வளைத்தால் வாய் பிளந்தது.

இந்தக் குழாய்க்கு இரண்டு வகையில் முக்கியத்துவம் உண்டு. விரிசல் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போய், பெட்ரோலின் விகிதம் குறையும். அதோடு, வண்டியின் சுமைக்கு ஏற்றபடி தீப்பொறியின் நேரத்தை முன்னே தள்ளும் வேலையும் கெட்டுப்போகும். சில ரூபாய் பெறும் ரப்பர் துண்டுதான். ஆனால் என்ஜின் சோம்பேறியாகிவிடும்.

அடுத்து நெருப்பு. மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தார். பேத்தி குனிந்து பார்த்தாள். பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் என்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது. கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. வெளுத்துப்போய் இருந்தால் பெட்ரோல் போதவில்லை. எண்ணெய்ப் பசையோடு இருந்தால் பிஸ்டன் ரிங், வால்வு சீல் போன்ற பெரிய செலவு வாசலில் நிற்கிறது.

இங்கே மூன்று பிளக்குகளும் கொஞ்சம் வெளுத்திருந்தன. எண்ணெய் இல்லை. தாத்தா அப்போதுதான் மூச்சுவிட்டார்.

கடைசியாக பெட்ரோல். என்ஜின் அணைந்திருக்கும்போது கார்புரேட்டரின் மேல்வாயைத் திறந்துவைத்து, டார்ச் அடித்தபடி ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கையால் சட்டென்று இழுத்தார் மெக்கானிக். உள்ளே பெட்ரோல் ஊசிபோல் பீய்ச்ச வேண்டும். இரண்டு சொட்டு ஒழுகியது, அவ்வளவுதான்.

``இதான் ஐயா!'' என்றார்.

ஆக்ஸிலரேட்டரைத் திடீரென மிதிக்கும்போது காற்று உடனே உள்ளே பாய்ந்துவிடும். காற்றைவிடக் கனமான பெட்ரோல் அந்த வேகத்துக்கு வராது. அந்த ஒரு நொடி இடைவெளியை நிரப்பத்தான் கார்புரேட்டருக்குள் ஆக்ஸிலரேட்டர் பம்ப் என்று ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது. மிதித்த கணத்தில் ஒரு வாய் பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சும். அதற்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்தாலோ, விறைத்துப்போனாலோ பெட்ரோல் பீய்ச்சாது, என்ஜின் யோசிக்கும். மெதுவாக மிதித்தால் ஏறுகிறது, வேகமாக மிதித்தால் திணறுகிறது என்று தாத்தா சொன்னது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனையை சூடான என்ஜினில் செய்யக் கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட் எதுவும் கூடாது. பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக் செய்வதைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

``பம்ப் கிட் இருக்கானு கடையில கேக்கணும். நீங்க எங்க போறீங்க?''

``பழவேற்காடு.''

``வண்டியை விட்டுட்டுப் போங்க ஐயா. பஸ் இருக்கு. சாயந்திரம் வாங்க.''

``அந்தப் பக்கம் ரோடு காலியாதானே இருக்கும்? மெதுவா ஓட்டிட்டுப் போயிடறேனே?''

மெக்கானிக் மகளைப் பார்த்தார். மகள் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

ஏரி, கோட்டை, கல்லறை

பொன்னேரியில் இருந்து திருப்பாலைவனம் வழியாகப் போகிறது பஸ். நெல் வயல்கள் முடிந்து, காற்றில் உப்பு வாசனை ஏறத் தொடங்கினால் பழவேற்காடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு முனை மட்டும் தமிழ்நாட்டில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு படுத்திருக்கிறது. இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான் என்று சொன்னால், முதல்முறை வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். நடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுப்பவர்களைப் பார்த்தால் நம்பித்தான் ஆக வேண்டும்.

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுடைய வணிகத்துக்குப் பல பத்தாண்டுகள் இதுதான் தலைமையிடம். கோட்டை இன்று புதர் மூடிய மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவாயிலில் செதுக்கப்பட்ட எலும்புக்கூடு உருவங்களைப் பார்த்ததும் பேத்தி செல்போனை எடுத்தாள்.

ஆனால் தாத்தாவின் கண் வேறு பக்கம் போயிருந்தது. படகுத் துறையில் இருந்து ஒரு `டக டக டக' சத்தம்.

படகு என்ஜினும் திணறும்

ஒரு காலத்தில் இந்தக் கரையில் கட்டுமரங்களும் மரப் படகுகளும் பாயை நம்பி, துடுப்பை நம்பிப் போயின. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றில் பல, நீண்ட தண்டின் முனையில் விசிறி பொருத்திய சின்ன டீசல் என்ஜின்களில் ஓடுகின்றன. ஆழம் குறைந்த இடத்தில் தண்டைத் தூக்கிக்கொள்ளலாம் என்பது இந்த ஏரியில் பெரிய வசதி.

டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, கார்புரேட்டரும் கிடையாது. ஆனால் திணறல் உண்டு. டீசல் ஃபில்டரில் அடைப்பு, டீசலில் தண்ணீர், குழாய்க்குள் காற்று புகுந்து வரும் ஏர் லாக், நாசில் கோளாறு... இவற்றில் ஏதாவது ஒன்று போதும். சில நேரம் என்ஜின் நன்றாகவே இருக்கும். விசிறியில் கிழிந்த வலையோ பிளாஸ்டிக்கோ சுற்றியிருக்கும்.

புகையே பாதி கதையைச் சொல்லிவிடும். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு, அல்லது சுமை அதிகம். வெள்ளைப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் இருக்கிறது. நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. இந்த மூன்று நிறங்களும் டீசல் காருக்கும் பொருந்தும்.

துறையில் ஒருவர் படகின் டீசல் ஃபில்டரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றார் தாத்தா.

``கடலுக்குப் போற வழியில என்ஜின் திணறினா என்ன பண்ணுவீங்க தம்பி?''

``வழியில பண்றதுக்கு ஒண்ணும் இல்ல பெரியவரே. பண்ண வேண்டியதை இங்கியே பண்ணிடணும்'' என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

முகத்துவாரம் என்ற வாசல்

அவர் சொன்னதன் பொருள் புரிய, முகத்துவாரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏரி அமைதியானது. கடல் அப்படியில்லை. இரண்டும் சந்திக்கும் வாசல்தான் முகத்துவாரம். கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், அரங்கம்குப்பம் என்று இங்குள்ள மீனவக் கிராமங்களின் வாழ்க்கை இந்த வாசலோடு கட்டப்பட்டிருக்கிறது. கடலுக்குப் போகும் படகுகள் இதன் வழியாகத்தான் போக வேண்டும். கடல் நீர் உள்ளே வந்தால்தான் இறாலும் நண்டும் மீன் குஞ்சுகளும் ஏரிக்குள் வரும்.

கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் இந்த வாசலில் படிந்துகொண்டே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாற்று வெள்ளம் வந்தால் வாசல் அகலமாகத் திறக்கும். மழை ஓய்ந்த மாதங்களில் மறுபடியும் மணல் மேடு. ஆழம் குறைந்த இடத்தில் அலை உயர்ந்து உடையும். `முகத்துவாரத்தை நிரந்தரமாகத் தூர்வாருங்கள்' என்பது மீனவர்கள் பல ஆண்டுகளாக வைத்துவரும் கோரிக்கை. இரு பக்கமும் கல் தடுப்புச் சுவர்கள் கட்டி வாசலை நிலைப்படுத்தும் திட்டத்தைத் தமிழக அரசு கையில் எடுத்ததும் அதனால்தான்.

இப்போது அந்த வாசலில் ஒரு படகைக் கற்பனை செய்துபாருங்கள். ஒரு அலை உடைந்து முடிகிறது. அடுத்த அலை எழுவதற்குள் தாண்டிவிட வேண்டும். என்ஜினை முறுக்குகிறார். அந்த நொடியில் அது யோசித்தால்? படகின் முகம் திரும்பும். அடுத்த அலை பக்கவாட்டில் வந்து அடிக்கும்.

ஏரிக்குள் இருக்கும்வரை அதே என்ஜின், அதே திணறலோடு நாள் முழுக்க ஓடலாம், ஒன்றும் ஆகாது. நின்றுபோனால் கழியை ஊன்றிக் கரைக்கு வந்துவிடலாம். அதனால்தான் திணறலோடு வாழப் பழகிக்கொள்வது சுலபம். அந்தப் பழக்கம்தான் முகத்துவாரத்தில் ஆளைக் கவிழ்க்கும்.

இந்த நீர் எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பழவேற்காடு மறக்காது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று சுற்றிப்பார்க்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை வந்தது.

தாத்தா துறையில் நெடுநேரம் நின்றார். நகரத்துக்குள் நாற்பதில் ஓட்டும்போது அவருடைய காரும் திணறிக்கொண்டுதான் இருந்தது, மூன்று மாதமாக. `பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிட்டார். அவருக்குக் காரனோடைதான் முகத்துவாரம்.

பாடு முறை சொல்லும் பாடம்

பழவேற்காட்டில் `பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை முறைவைத்துத் தீர்மானிப்பார்கள். மீன் வளத்தைச் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ளும் இந்த முறையை ஆய்வாளர்கள் பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள். எதற்கும் ஒரு முறை, ஒரு வரிசை.

பழைய காருக்கும் அந்த வரிசை வேண்டும். காற்று, நெருப்பு, பெட்ரோல் மூன்றும் சரியாக இருந்து, அப்போதும் வண்டி இழுக்கவில்லை என்றால் என்ஜினுக்கு வெளியே பாருங்கள்.

டாப் கியரில் போகும்போது அழுத்தி மிதித்தால் என்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லையா? கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. சமதளத்தில் நியூட்ரலில் தள்ளினால் வண்டி உருள மறுக்கிறதா? ஓடி நின்ற பிறகு ஒரு சக்கரம் மட்டும் பக்கத்தில் கை கொண்டுபோனாலே சுடுகிறதா? பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேகம் ஏற ஏற மூச்சு அடைக்கிறதா? சைலன்சர் பாதையில் அடைப்பு இருக்கலாம். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புது பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அதற்குள் அடைப்பு ஏற்பட்டாலும் இழுவை போகும்.

கார்புரேட்டர் இல்லாத எம்.பி.எஃப்.ஐ கார்களிலும் வரிசை இதேதான். பார்க்க வேண்டிய பாகங்கள் மட்டும் மாறும். கரி படிந்த த்ராட்டில் பாடி, பலவீனமான பெட்ரோல் பம்ப், தவறான தகவல் தரும் சென்சார்... `என்ஜின் செக் லைட்' எரிந்தால் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பது முதல் வேலை. ஆனால் ஸ்கேனர் ஒரு சென்சாரின் பெயரைச் சொன்னதும் அதை மாற்றிவிடக் கூடாது. ஒரு ரப்பர் குழாய் விரிந்திருந்தாலும் ஸ்கேனர் சென்சாரைத்தான் கைகாட்டும்.

ரப்பர் ஏன் சீக்கிரம் போகிறது?

மாலை நான்கு மணி பஸ்ஸில் பொன்னேரி திரும்பினார்கள். மெக்கானிக் ஒரு தாளில் கிழிந்த டயாஃப்ரத்தையும் விரிசல்விட்ட குழாயையும் எடுத்துவைத்திருந்தார். டயாஃப்ரம் காய்ந்த பப்பாளித் தோல்போல் விறைத்திருந்தது.

``முப்பது வருஷ ரப்பர் ஐயா. இப்ப பெட்ரோலும் வேற மாதிரி.''

அவர் சொன்னது எத்தனால் கலந்த பெட்ரோலை. இந்தியாவில் 2022-ல் 10 சதவிகிதமாக இருந்த எத்தனால் கலப்பு, 2025-ல் 20 சதவிகிதத்தை எட்டியது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களின் பாகங்கள் இதற்கு ஏற்றபடி தயாரானவை. அதற்கு முன்பு, அதுவும் எத்தனாலை நினைத்தே பார்க்காத காலத்தில் வந்த கார்களின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் அப்படி அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். எத்தனாலையே கணக்கில் வைக்காமல் வடிவமைத்து, 10 சதவிகிதக் கலப்புக்குச் சரிசெய்த நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம்வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. என்ஜினுக்குப் பெரிய பாதிப்பு இல்லை, பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்பது அரசின் விளக்கம்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது இதுதான். பெட்ரோல் குழாய்கள், டயாஃப்ரம், ஃபில்டர் மூன்றையும் எத்தனால் தாங்கும் தரத்தில் ஒருமுறை மாற்றிவிடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் பெட்ரோலோடு சும்மா நிறுத்தாதீர்கள். பெட்ரோல் வாசனை வந்தால் `அப்புறம் பார்க்கலாம்' என்று விடாதீர்கள். அது பிக்-அப் பிரச்னை இல்லை, தீ விபத்துப் பிரச்னை.

திரும்பும் வழி

``ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க ஐயா'' என்று சாவியை நீட்டினார் மெக்கானிக்.

சாவியை வாங்கியது மகள். பொன்னேரி ரயில் நிலையம்வரை போய்த் திரும்பி வந்தாள். இரண்டாவது கியரில் அழுத்தி மிதித்தபோது கார் யோசிக்கவில்லை. முன்னால் போன ஆட்டோவின் தூரம் சட்டென்று குறைந்தது.

காரனோடைப் பாலத்துக்கு முன்னால் மறுபடியும் ஒரு கன்டெய்னர் லாரி. மகள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். இண்டிகேட்டர் போடவில்லை, முந்தவில்லை. பின்னாலேயே நிதானமாக வந்தாள். முந்த முடியாமல் பின்னால் போவது வேறு. முந்த முடியும் என்று தெரிந்தும் பொறுத்துப் போவது வேறு.

செங்குன்றம் சிக்னலில் நின்றபோது கேட்டாள்.

``அப்பா, ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க எந்த மாசம் கடைசி?''

தாத்தா பதில் சொல்வதற்குள், பின்னால் இருந்து பேத்தி சொன்னாள். அவள் அதைச் செல்போனில் குறித்துவைத்திருந்தாள். அதற்குக் கீழே இன்னொரு குறிப்பும் இருந்தது. `எப்போ திணறுது?'

பழவேற்காடு போகிறீர்களா?

* சென்னையில் இருந்து சுமார் 60 கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி, பஸ்ஸிலும் போகலாம்.

* நவம்பர் முதல் மார்ச் வரை பூநாரைகளைப் பார்க்க ஏற்ற காலம். காலை நேரம் நல்லது.

* டச்சுக் கல்லறைத் தோட்டம், பழைய கோயில்கள், பள்ளிவாசல், பனை ஓலைக் கூடைகள் ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள்.

* யாராவது படகில் அழைத்துப் போகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்.

* காரை மணலுக்குள் இறக்காதீர்கள். உப்புக் காற்று பேட்டரி முனைகளையும் ஒயர் இணைப்புகளையும் அரிக்கும். திரும்பியதும் வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

* கிளம்புவதற்கு முந்தைய நாள், காலியான சாலையில் ஒருமுறை அழுத்தி மிதித்துப் பாருங்கள். வண்டி யோசித்தால், அன்றே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.